குதிரையோடு வந்த அறுபதாம் லெவல்

விக்னராஜாவுக்கு வாழ்க்கையில் இரண்டு காரியங்கள் பிடிக்காது. ஒன்று, சொன்ன விலைக்குப் பொருள் வாங்குவது. மற்றது, கொண்டாட்ட வீடுகளில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பது. முதலாவதை அவர் ஒருநாளும் செய்ததில்லை. இரண்டாவதை, மெல்பனுக்கு வந்த நாளிலிருந்து ஒரு கொண்டாட்டம் விடாமல் செய்துகொண்டிருந்தார்.

காரணம் அவருடைய கடை. நோபல் பார்க்கில் மிளகாய்த்தூளும், ஐஸில் விறைத்த மீனும், ஊருக்குப் பேசுகிற டெலிபோன் கார்டும் விற்கிற கடை. கடைக்காரர் வந்தால் கூடவே பேப்பர் பிளேட் வரும், சோடா வரும், ஐஸ் வரும். வந்தவர் அதுகளுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டால் எல்லாருக்கும் வசதி. இந்த வசதியைக் கண்டுபிடித்தவர் அவருடைய மனைவி கலாவின் தமையன் ராஜரத்தினம். ராஜரத்தினம் எஞ்சினியர். பாலங்களைக் கட்டுகிறவர் அல்ல, கட்டினது காணாது, போதாது என்று அறிக்கை எழுதுகிறவர். மனிதர்களையும் அதே கண்ணால் பார்ப்பார். அவருக்கும் விக்னராஜாவுக்கும் இத்தனை வருடமாக நடந்த சம்பாஷணை முழுவதையும் ஒரு வரியில் எழுதிவிடலாம்:

“விக்னா, ஐஸ் காணுமோ?”

“காணும், அத்தான்.”

இப்படியே இருவரும் கிழவராகிப் போயிருப்பார்கள், ‘ஏழு கோட்டை’ என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு நடுவில் வராவிட்டால்.

பிள்ளைகள் அறைக்குள் பூட்டிக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று பார்க்கப்போன தகப்பன்மார், பார்த்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் வளர்ந்து யூனிவர்சிட்டிக்குப் போனபிறகும் தகப்பன்மார் கதிரையை விட்டு எழும்பவில்லை. தமிழர்கள் பத்துப் பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. ‘மெல்பன் முத்தமிழ் வீரர் சங்கம்’ உருவாயிற்று. தலைவர், உபதலைவர்கள், போஷகர், செயலாளர், ஒருவரை ஒருவர் கண்காணிக்க இரண்டு பொருளாளர்கள். பொருள் இன்னும் வந்து சேரவில்லை.

தலைவர் ராஜரத்தினம். விளையாட்டில் அவர் அறுபதாம் லெவல். அதற்குமேல் லெவல் கிடையாது. வரப்போகிற வருடாந்தப் படையெடுப்பில் முதல்முறையாக அவர்தான் கேடயக்காரர். கேடயக்காரர் முன்னால் போவார், மற்ற எல்லாரும் பின்னால் வருவார்கள். எதிரே நிற்கிற ராட்சதனைச் சீண்டிச் சீண்டி அவனுடைய கோபம் முழுவதையும் தன்மேல் இழுத்து வைத்திருப்பது கேடயக்காரரின் வேலை. அவன் கொஞ்சம் முகத்தைத் திருப்பினாலும் பின்னால் நிற்கிறவர்கள் சப்பாத்திதான். சேஷாத்ரி என்பவர் செயலாளர். பொயிண்ட் குக்கில் இருக்கிற சென்னைக்காரர், ஐ.டி.யில் வேலை. விளையாட்டில் அவர் வைத்தியர், அடிபட்டவர்களுக்கு மந்திரம் போட்டு எழுப்புகிறவர்.

ராஜரத்தினத்துக்கு ஒரு பிரசங்கம் உண்டு. கூட்டத்துக்குக் கூட்டம் அதைச் செய்வார். தான் இரண்டரை வருடம் ஒவ்வொரு லெவலாக, ஒவ்வொரு கோட்டையாக, விழுந்து எழும்பி ஏறி வந்ததாகவும், இப்போது சிலர் ஆள் வைத்து, குறுக்கு வழியால், இரண்டு மாதத்தில் உச்சிக்கு வந்துவிடுவதாகவும், அப்படி வருகிறவர்களால் விளையாட்டுக் கலையே அழிந்துகொண்டிருப்பதாகவும் சொல்லுவார். “கெதியா வந்தவனுக்குக் கேடயத்தின்ர முன்பக்கம் எது, பின்பக்கம் எது எண்டு தெரியாது, பாருங்கோ” என்று முடிப்பார். சபை கை தட்டும். சில பேர் தேவைக்கு அதிகமாகவே தட்டுவார்கள்.

விக்னராஜாவும் சங்கத்தில் இருந்தார். பதினோராம் லெவலில் இருந்தார். படையெடுப்புகளில் அவருக்குக் கிடைத்த வேலை, மற்றவர்களுடைய மூட்டைகளைச் சுமந்துகொண்டு கடைசியில் வருவது. ஐஸ் பெட்டி கம்ப்யூட்டருக்குள்ளும் அவரைத் தேடி வந்துவிட்டது.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, குளிர்காலம் தொடங்குகிற நேரத்தில் ராஜரத்தினம் தங்கைக்கு போன் எடுத்தார். மகளின் அரங்கேற்றம் செப்டெம்பர் மாதம். மண்டபம் எடுத்தாயிற்று, மிருதங்கத்துக்கு ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து ஆள் வருகிறார், பிரதம விருந்தினராக ஒரு பேராசிரியர் வருகிறார். விக்னா ஐஸையும் கார் பார்க்கையும் பார்த்துக்கொள்ளட்டும்.

கலா போனை வைத்துவிட்டுச் செய்தியைச் சொன்னாள். விக்னராஜாவுக்கு ஐஸ் பழகியது. கார் பார்க் புதிது. வருடங்கள் போகப் போக மனிதன் மண்டபத்துக்கு உள்ளே போக வேண்டும். இவரை வெளியே தள்ளுகிறார்கள். அன்றைக்கே தீர்மானித்தார்: அரங்கேற்றத்துக்கு முன்னால் வருகிற சங்கத்தின் வருடாந்தப் படையெடுப்பில் கேடயத்தைத் தான் பிடிக்க வேண்டும், ராஜரத்தினம் தனக்குப் பின்னால் வரவேண்டும். அந்தக் காட்சியை ஒருமுறை கண்டுவிட்ட மனிதர் பிறகு ஐஸைப் பற்றிக் கேட்க மாட்டார். அறுபதாம் லெவலில் உள்ள எவரும் கேடயத்துக்குக் கையுயர்த்தலாம் என்பது சங்க யாப்பில் உள்ள விதி. குறைவது லெவல் மட்டும்தான். லெவல் என்பது ஒரு சாமான். சாமான் என்றால் எங்கோ ஒருவன் அதை விற்பான்.

விற்கிறவன் மறுவாரமே கறிவேப்பிலை வாங்க வந்தான். பாஸ்கர், ஈப்போவிலிருந்து வந்து மாஸ்டர்ஸ் படிக்கிற மலேசியத் தமிழன், நூடில்ஸை மட்டும் தின்று இளைத்துப்போன இளைஞன். ஏழு கோட்டையில் மற்றவர்களுக்காக விளையாடி லெவல் ஏற்றிக் கொடுப்பான் என்று கடைக்கு வருகிற மாணவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். விக்னராஜா கறிவேப்பிலையைத் தட்டில் வைத்தபடி பேச்சைத் தொடங்கினார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். விக்னராஜா யாழ்ப்பாணம் பெரிய கடைத் தெருவில், துணிக்கடைக் குடும்பத்தில் பிறந்தவர். தவழ்ந்த வயதிலேயே, வாடிக்கையாளர் படியிறங்கும்வரை விட்டுப்பிடித்துப் பிறகு திரும்பக் கூப்பிடுகிற குரலைக் கேட்டு வளர்ந்தவர். அப்படிப்பட்டவருக்கு முன்னால் பாஸ்கர் ஒரு பச்சைக் குழந்தை. வேலையை முடிக்கப் பாஸ்கர் நான்கு மாதம் கேட்டான்; விக்னராஜா சிரித்தார். மூன்று கேட்டான், மீன் பெட்டியைத் துடைக்கத் தொடங்கினார். இரண்டு மாதத்தில் வந்து நின்றான். கூலி, கலாவின் கையால் சமைத்த மதியச் சாப்பாடு, பார்சலாக.

“ரெண்டு மாசத்துல முடிக்கணும்னா கோட்டைக்குள்ள எல்லாம் போக முடியாது அண்ணே. வெளியிலயே ஓநாய அடிச்சு ஏத்திருவேன். லெவல் வரும், ஆனா நீங்க ஒரு எடமும் போயிருக்க மாட்டீங்க.”

“எனக்குப் போறதில விருப்பமில்லை, தம்பி. போய்ச் சேந்தாக் காணும்.”

பாஸ்கர் நல்லவன். அதனால், முடிந்தபிறகு நான்கு ஞாயிற்றுக்கிழமை வந்து, கேடயம் பிடிக்கிற விதம், எந்த விசைக்கு என்ன வேலை என்பதெல்லாம் சொல்லித் தருவதாகவும், அது இந்தப் பேச்சுக்குள்ளேயே அடக்கம் என்றும் சொன்னான். அடக்கம் என்ற சொல் விக்னராஜாவின் காதில் விழுந்ததும் அவருடைய பரம்பரை முழுவதும் விழித்துக்கொண்டது. அடக்கமாக ஒன்று இருந்தால் அதைக் கழற்றலாம். கழற்றினால் அந்த இடத்தில் வேறொன்றை வைக்கலாம்.

“படிப்பிக்கிறதை விடும். அதுக்குப் பதிலா என்ன தருவீர்?”

“அண்ணே, அது வேணும் லா. அது இல்லாம…”

“ராஜரத்தினத்தாரிட்ட ஒரு குதிரை இருக்காம் எண்டு கேள்வி. எனக்கும் ஒரு குதிரை போட்டுத் தாரும்.”

பாஸ்கர் கறிவேப்பிலையை எடுத்துக்கொண்டு, “ஓகே அண்ணே, குதிர” என்றான். அன்றிரவு விக்னராஜா நிம்மதியாகத் தூங்கினார். நான்கு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்து ஒரு குதிரையை வாங்கியிருந்தார்.

கலாவுக்கு இந்த வியாபாரம் பிடிபடவில்லை. பார்சல் கட்டும்போதெல்லாம் குசினியிலிருந்து குரல் வரும். “சமைக்கிறது நான், விளையாடுறது அவன், லெவல் உங்களுக்கோ?”

“மனேச்மென்ற் எண்டு ஒண்டு இருக்கு, கலா” என்பார் விக்னராஜா.

சொன்ன தவணைக்குள் லெவல் வந்து சேர்ந்தது. திரையில் அவருடைய வீரன் மினுங்குகிற இரும்புச் சட்டையும் அகலமான கேடயமுமாக நின்றான். பக்கத்தில் கபில நிறக் குதிரை. குதிரையின் தலைக்கு மேலே ‘ஈப்போ 2’ என்று பெயர் எழுதியிருந்தது. ஊர் ஞாபகம் என்றான் பாஸ்கர். இரண்டு என்ன கணக்கு என்று விக்னராஜா கேட்கவில்லை. வாங்கிய சாமானில் எழுதியிருக்கிற எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டிருந்தால் வியாபாரம் நடக்காது.

படையெடுப்பு ஆகஸ்டில், ஒரு சனிக்கிழமை பின்னேரம், நோபல் பார்க்கில் வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபத்தில். உறுப்பினர்கள் அவரவர் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றித் தூக்கி வந்து மேசைகளில் அடுக்கினார்கள். அழைப்பிதழில் இரண்டு மணி என்று போட்டிருந்தது, ஆகவே நாலரைக்குத் தொடங்கிற்று. மங்கல விளக்கேற்றினார்கள். மௌன அஞ்சலி செலுத்தினார்கள். வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை. தலைமையுரையில் ராஜரத்தினம் வழக்கமான பிரசங்கத்தைக் கொஞ்சமும் குறைக்காமல் செய்துவிட்டு, கேடயம் பிடிக்க வேறு யாரும் விரும்புகிறார்களா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார். விக்னராஜா கையை உயர்த்தினார்.

பின்வரிசையில் கலா சேலைத்தலைப்பைச் சரிசெய்தாள்.

“நீர் எப்ப காணும் அறுபதுக்கு வந்தனீர்?” என்றார் ராஜரத்தினம்.

“கடை பூட்டின நேரத்தில, அத்தான்.”

ராஜரத்தினம் எஞ்சினியர் பார்வை ஒன்று பார்த்தார். யாப்பு யாப்புதான். கேடயம் விக்னாவுக்கு, நான் இரண்டாவது கேடயமாகப் பின்னால் நிற்பேன், பிழை வந்தால் தாங்கிக்கொள்வேன், பிழை வரும் என்று அறிவித்தார்.

விக்னராஜா கடைசி நிமிடத்தில் வாசலுக்குப் போய்ப் பாஸ்கருக்கு போன் எடுத்தார். எந்த விசையை அமுக்குவது? பாஸ்கர் வேலையிடத்தில் நின்றான். பின்னால் பாத்திரச் சத்தம். “ஒண்ணாம் நம்பர் அண்ணே, அதான் சீண்டுறது. அத மட்டும் அமுக்கிக்கிட்டே இருங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். உண்மைதான், ஒன்றாம் நம்பர்தான் சீண்டல், குதிரை வரும்வரைக்கும். பேரத்தில் கடைசியாகச் சேர்ந்த குதிரை, வந்த கையோடு முதல் விசையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, சீண்டலைப் பத்தாவது இடத்துக்குத் தள்ளியிருந்தது. பாஸ்கர் அதை மறந்துவிட்டான். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்திருந்தால் ஞாபகம் வந்திருக்கும்.

ஏழாவது கோட்டையின் கதவு திறந்தது. உள்ளே கல் ராட்சதன், தென்னைமர உயரத்தில். சங்கம் முழுவதும் விக்னராஜாவுக்குப் பின்னால். ராஜரத்தினம் அவருக்குப் பின்னால். அந்தக் காட்சியை விக்னராஜா ஆற அமரப் பார்த்து அனுபவித்தார். இன்னும் கொஞ்சம் அனுபவித்திருப்பார், ராட்சதன் நகராமல் இருந்திருந்தால். ஒன்றாம் நம்பரை அமுக்கினார்.

குதிரை வந்தது. வீரன் ஏறி உட்கார்ந்தான். கேடயம் முதுகுக்குப் போய்விட்டது.

மறுபடி அமுக்கினார். வீரன் இறங்கினான். மறுபடி அமுக்கினார். ஏறினான்.

“சார், இறங்குங்க சார்” என்றார் சேஷாத்ரி, மந்திரம் போட்டுக்கொண்டே. இறங்கினார். “சார், திரும்ப ஏறாதீங்க சார்.” ஏறிவிட்டார்.

சந்தைக்கு வந்த பெரிய மனிதர் மாட்டு வண்டியில் ஏறலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் இருந்தது அந்தக் காட்சி. ராட்சதனுக்குக் கோபம் வரவில்லை; அவன் அவரைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனான். பின்னால் உபதலைவர்கள் நின்றார்கள். முதலில் அவர்கள், பிறகு போஷகர், பிறகு இரண்டு பொருளாளர்களும் ஒரே அடியில். இறந்தவர்களின் திரை கறுத்துவிடும். கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்கும் ஒன்றுமில்லை. அதே நேரத்தில் பெண்கள் வடைத் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். செத்தவர்கள் செத்த வரிசைப்படி வடைக்குப் போனார்கள். சேஷாத்ரி தன்னைத்தானே இரண்டு முறை எழுப்பிப் பார்த்துவிட்டு, சட்னி முடிவதற்குள் போய்ச் சேர்ந்தார்.

மேசைகளில் இரண்டே பேர் மிஞ்சினார்கள்.

“விலத்தும்” என்றார் ராஜரத்தினம், ஹெட்செட்டைச் சரிசெய்தபடி. “இப்ப பாரும், ஒழுங்கா ஏறி வந்தவன் எப்பிடிச் செய்யிறான் எண்டு.” முன்னால் வந்தார். கேடயத்தைத் தூக்கினார். ஒரு விசையை ஓங்கி அமுக்கினார்.

குதிரை வந்தது. கபில நிறக் குதிரை. ராஜரத்தினத்தின் வீரன் அதில் ஏறி உட்கார்ந்தான். குதிரையின் தலைக்கு மேலே ‘ஈப்போ 1’ என்று எழுதியிருந்தது.

விக்னராஜா அதை வாசித்தார். அருகில் நின்ற தன்னுடைய குதிரையையும் வாசித்தார். இந்தமுறை சாமானில் எழுதியிருந்த எல்லாவற்றையும் எழுத்து விடாமல் வாசித்தார். இரண்டு குதிரைவீரர்களும் பக்கத்தில் பக்கத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, ராட்சதன் நிதானமாகத் திரும்பி வந்து, இருவருக்கும் சேர்த்து ஒரு கால் வைத்தான்.

வடை முடிந்ததும் செயற்குழு அவசரமாகக் கூடியது. செத்தவர்களுக்குப் பேச நிறைய இருந்தது. ராஜரத்தினம் எழுந்து, எல்லாரும் கண்ணால் கண்ட அழிவு என்றும், கெதியாக ஏறுகிறவர்களால் கலைக்கு வந்த கேடு என்றும், ஒருவர் இன்றே பொறுப்பேற்க வேண்டும் என்றும் குரலை ஏற்றிக்கொண்டே போனார். சேஷாத்ரி குறிப்பெழுதினார். எல்லாருடைய முகமும் விக்னராஜா பக்கம் திரும்பியிருந்தது.

இந்த நேரத்தில் இன்னொருவராக இருந்தால் எழுந்து நின்று உண்மையைச் சொல்லியிருப்பார். விக்னராஜா கடைக்காரர். கையில் அருமையான சரக்கு இருக்கும்போது அதை வீதியில் எறிவது அவருடைய குலத்துக்கே விரோதம். ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுபோய் ராஜரத்தினத்துக்கு முன்னால் வைத்து, குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

“உங்கட குதிரை வடிவான குதிரை, அத்தான். என்ர குதிரைக்குத் தமையன் போல.”

ராஜரத்தினம் தண்ணீரைக் குடித்தார். முழுவதையும் குடித்தார். கிளாஸை வைத்தபோது அவருடைய குரல் இறங்கி, மிகவும் நியாயமான மனிதரின் குரலாக மாறியிருந்தது. ஆனாலும் இந்த விஷயத்தை வேறொரு கோணத்திலும் பார்க்க வேண்டும் என்றார். மண்டபத்தின் இன்டர்நெட் இணைப்பு மிக மோசம் என்பதை ஒரு எஞ்சினியராகத் தான் முதலிலேயே கவனித்ததாகச் சொன்னார். ஒரு விசையை அமுக்கினால் வேறொன்று நடக்கிறது. விக்னா அவர்கள் இந்த நிலைமையிலும் கடைசிவரை களத்தில் நின்றது பாராட்டத்தக்கது. பொருளாளர்களும் தங்களுக்கும் அப்படித்தான் நடந்தது என்று உடனே சொன்னார்கள். கெதியாக லெவல் ஏறுவது திறமையைக் கெடுக்குமா என்று ஆராய ஓர் உபகுழு நியமிக்கப்பட்டது. தலைவர் ராஜரத்தினம், துணைத்தலைவர் விக்னராஜா. அறிக்கை இன்னும் வரவில்லை. நன்றியுரையோடு கூட்டம் இனிதே நிறைவுற்றது.

மரியாதை மறுவாரமே வீட்டுக்கு வந்தது. ராஜரத்தினம் போன் எடுத்து, கலாவைக் கேட்காமல் விக்னராஜாவைக் கேட்டார். வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்றலாமா என்று அபிப்பிராயம் கேட்டார். மகள் சட்டம் படிப்பதா மருத்துவம் படிப்பதா என்று கேட்டார். இத்தனை வருடத்தில் ஐஸைத் தவிர வேறொன்றும் கேட்டிராத மனிதர் இப்படிக் கேட்கக் கேட்க, விக்னராஜா போனை மற்றக் காதுக்கு மாற்றினார். “ஓம், அதுவும் சரிதான்” என்றார். எல்லாவற்றுக்கும் அதையே சொன்னார். அவருக்குத் தெரிந்த விசை அது ஒன்றுதான்.

ஒரு பிறந்தநாள் விழாவில் பழக்கதோஷத்தில் ஐஸ் பெட்டியின் மூடியைத் திறக்கப்போனவரை, ராஜரத்தினமே தோளில் கைபோட்டு அழைத்துப்போய், டாக்டர்மாருக்கும் எக்கவுண்டன்ற்மாருக்கும் நடுவில் சோபாவில் இருத்தினார். அவர்கள் வரி மிச்சம் பிடிப்பதைப் பற்றி இரண்டு மணித்தியாலம் பேசினார்கள். விக்னராஜா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். தூரத்தில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வழக்கமாக நிற்கிற கூட்டம் எதற்கோ வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தது. என்ன பகிடி என்று கேட்கப் போகவும் முடியவில்லை.

அரங்கேற்றத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பேராசிரியர் வரமுடியாது என்று சொல்லிவிட்டார். ராஜரத்தினம் மனைவியோடு, தாம்பாளத்தில் பழமும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு, விக்னராஜாவின் வீட்டுக்கு நேரில் வந்தார். பிரதம விருந்தினராக விக்னா அவர்கள்தான் வரவேண்டும். மேடையில் பொன்னாடை. பிறகு பிள்ளையின் ஆட்டத்தைப் பற்றி ஓர் இருபது நிமிடம், அந்த அடவுகள், அபிநயம், தாளம், அதுகளைப் பற்றி நாலு வார்த்தை. நூற்றுக்கணக்கில் ஆட்கள் வருவார்கள்.

விக்னராஜா வாயைத் திறந்தார். “ஓம், அதுவும் சரிதான்” என்று வந்தது.

அவர்கள் போனபிறகு கலா கதிரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். “இஞ்சேருங்கோ, அடவு எண்டா என்ன எண்டு தெரியுமோ?” என்று கேட்டாள். கார் பார்க்கை இப்போது யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்றும் கேட்டாள். கார் பார்க் நல்ல இடம். காற்றோட்டமான இடம். அங்கே எவரும் இருபது நிமிடம் பேசச் சொல்ல மாட்டார்கள்.

விக்னராஜா பின்வாசலுக்குப் போய்ப் பாஸ்கருக்கு போன் எடுத்தார்.

“தம்பி, உம்மட யூனியில பரதநாட்டியம் தெரிஞ்ச பிள்ளை ஆரும் இருக்கோ?”

இருப்பதாகவும், கோலாலம்பூரில் பதினைந்து வருடம் படித்த பெண் என்றும் பாஸ்கர் சொன்னான். எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை என்றார் விக்னராஜா. மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

“முடியாது லா அண்ணே. சும்மா மேலால சொல்லிக் குடுக்கலாம், அதுக்கு தெனம் ரெண்டு பார்சல். ஆனா நீங்க வழக்கமா கூட ஏதாச்சும் கேப்பீங்களே, இப்ப என்ன வேணும்?”

விக்னராஜா பார்சலைப் பற்றிப் பேசவில்லை. தவணையைப் பற்றியும் பேசவில்லை. அவர் பிறந்த நாளிலிருந்து முதல் தடவையாக, சொன்ன விலைக்குச் சம்மதித்தார்.

“ஒண்டும் வேண்டாம், தம்பி. அந்தப் பிள்ளையை நாளைக்கே வரச் சொல்லும். குதிரை வேண்டாம், படிப்பிச்சாக் காணும்.”